அளவு மாறாத கோப்பு

(வலையமைப்புப் பணியாளர்களும் பொறியியல் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சனிக்கிழமை விடியற்காலை 3 மணிக்கு எனக்கு வந்த தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்குகிறேன். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் நாற்பது சர்வர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று டிஸ்க் நிரம்பி நின்றுவிட்டது. டிஸ்க் நிரம்பும் முன்பே எங்களை எச்சரிப்பதற்கென்று ஒரு கண்காணிப்பு சர்வர் வைத்திருந்தோம். அது ஏன் வாய் திறக்கவில்லை என்று போய்ப் பார்த்தால், அதன் சொந்த டிஸ்க்கே இரண்டு நாளைக்கு முன்பு நிரம்பியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரைப் பற்றியும் அது எழுதி எழுதி வைத்த அளவீடுகள்தான் அதை நிரப்பியிருந்தன. அந்த மென்பொருளை நிறுவியவன் நான். எழுதச் சொல்லிக்கொடுத்த நான், எப்போது அழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

அளவிடும் வேலைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 288 எண்கள். சர்வர் உயிரோடு இருக்கும்வரை அவை வந்துகொண்டே இருக்கும். நம் ஊர்ப் பக்கம் ஏரி கட்டியவர்கள் கரையோடு கலிங்கையும் சேர்த்தே கட்டினார்கள். மிஞ்சிய நீர் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதை மழைக்கு முன்பே தீர்மானித்துவிட்டார்கள். கலிங்கு இல்லாத ஏரி, தண்ணீர் அதிகமான நாளில் தனக்கு வேண்டிய இடத்தில் உடைத்துக்கொண்டு போகும். என் கண்காணிப்பு சர்வர் அப்படித்தான் உடைந்தது. அதற்கு ஒரு கலிங்கு எப்படிக் கட்டுவது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்தக் கதை இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் தொடங்குகிறது. 1994-இல் அங்குள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டோபியாஸ் ஓட்டிக்கர் என்ற இளைஞர் வேலை பார்த்தார். வெளியுலகத்தோடு அந்த இடத்துக்கு இருந்த இணைப்பு ஒன்றே ஒன்று. வேகம் 64 கிலோபிட். இன்று நம் கைப்பேசியில் ஒரு படம் இறங்கக்கூட அது போதாது. அந்த ஒற்றை வழி எவ்வளவு நெரிசலாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை. அவர் பெர்ல் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி, போக்குவரத்தைக் கோட்டுப் படமாக இணையப் பக்கத்தில் போட்டார். அதுதான் 1995-இல் எம்ஆர்டிஜி என்ற பெயரில் வெளிவந்தது. பிறகு டேவ் ராண்ட் என்பவர் அதன் வேகம் குறைந்த பகுதிகளை சி மொழியில் எழுதிக்கொடுத்தார். பல நாடுகளின் இணைப்பு நிறுவனங்களில் அந்தப் பச்சை நிறப் பரப்பும் நீல நிறக் கோடும் கொண்ட படம் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. நான் இந்த வேலைக்கு வந்தபோது முதலில் பார்த்ததும் அந்தப் படத்தைத்தான்.

எம்ஆர்டிஜியின் பதிவுக் கோப்பு வளராது. பழைய எண்களைச் சராசரியாகச் சுருக்கி, தன் அளவுக்குள்ளேயே அது அடங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு கோப்பில் இரண்டு அளவீடுகள் மட்டுமே வைக்க முடியும்; ஒவ்வொரு முறையும் கோப்பு முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். நூறு ரவுட்டர் சேர்ந்தால் சர்வர் திணறும். ஓட்டிக்கர் சுவிட்சர்லாந்து திரும்பிய பிறகு, அந்தச் சேமிப்புப் பகுதியை மட்டும் தனியே எடுத்து, புதிதாக யோசித்து எழுதினார். 1999 ஜூலையில் அதன் முதல் பதிப்பு வந்தது. பெயர் ஆர்ஆர்டிடூல். ஆர்ஆர்டி என்றால் ரவுண்ட் ராபின் டேட்டாபேஸ். வட்டமாகச் சுற்றிவரும் தரவுத்தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது எப்படிச் சுற்றுகிறது என்பதை விளங்கிக்கொள்ள நமக்கு வேறெங்கும் போக வேண்டாம். பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது ஆண்டுப் பெயர்கள் இருக்கின்றன. அறுபத்தொன்றாம் ஆண்டுக்குப் புதுப் பெயர் கிடையாது, மறுபடி பிரபவ. 1987-இல் வந்தது பிரபவ, இனி 2047-இல் வரும். பெயர்களின் எண்ணிக்கை கூடுவதே இல்லை, காலம் மட்டும் ஓடுகிறது. ஆர்ஆர்டி கோப்பும் இதே வளையம்தான். கோப்பை உருவாக்கும்போதே, 'இதில் 600 இடங்கள்' என்று சொல்லிவிடுகிறீர்கள். 600 இடங்களும் அந்த நொடியிலேயே டிஸ்க்கில் ஒதுக்கப்படுகின்றன. 601-ஆவது எண் முதல் இடத்துக்கே போய், அங்கிருந்ததை அழித்துவிட்டு உட்காரும்.

பழைய ஓலைகளைப் படிக்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. 'விசுவாவசு வருஷம்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தச் சுற்று விசுவாவசு என்று தெரியாது. வளையத்துக்கு வெளியே ஒரு குறி வேண்டும். ஆர்ஆர்டி கோப்பில் அந்தக் குறி தலைப்பகுதியில் இருக்கிறது. கடைசியாக எழுதிய நேரமும், ஒவ்வொரு வளையத்திலும் எழுதும் கை எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் அங்கே பதிவாகியிருக்கும். மற்ற இடங்களில் நேரம் எழுதப்படுவதே இல்லை. வெறும் மதிப்பு, 8 பைட். நின்ற இடத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் நேரம் தானே கிடைத்துவிடும். இந்தச் சிக்கனம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 2006-இல் ஆர்பிட்ஸ் நிறுவனத்தில் கிறிஸ் டேவிஸ் எழுதிய கிராஃபைட் என்ற கண்காணிப்புக் கருவி, தன் விஸ்பர் கோப்புகளில் வேறு வழியை எடுத்தது. அங்கே ஒவ்வொரு இடத்துக்கும் 12 பைட். அதில் 4 பைட்டில் நேரமும் இருக்கும். தாமதமாக வந்து சேர்ந்த பழைய அளவீட்டையும் அதில் எழுத முடியும். ஆர்ஆர்டியிலோ கடைசியாக எழுதிய நொடிக்கு முந்தைய எதையும் எழுத இயலாது.

இனி, அப்படி ஒரு கோப்பை அமைப்பதற்கு வருவோம். ஒரு கோப்புக்குள் ஒரே வளையம் அல்ல, பல வளையங்கள் வைக்கலாம் என்பதில்தான் இதன் அழகு இருக்கிறது. நான் ஓர் இணைப்புக்கு வழக்கமாக வைப்பது இது. ஐந்து நிமிடப் புள்ளிகள் இரண்டு வாரத்துக்கு, அதாவது 4032 இடங்கள். அரை மணி நேரச் சுருக்கம் 60 நாளைக்கு, 2880 இடங்கள். இரண்டு மணி நேரச் சுருக்கம் ஓர் ஆண்டுக்கு, 4392. ஒரு நாள் சுருக்கம் பத்தாண்டுக்கு, 3660. சுருக்கிய மூன்று வளையங்களுக்கும் சராசரி ஒன்று, உச்சம் ஒன்று என இரண்டிரண்டு. எல்லாம் கூட்டினால் 25,896 இடங்கள். உள்ளே வருவது, வெளியே போவது என இரண்டு அளவீடுகள்; 8 பைட்டால் பெருக்குங்கள். 4 லட்சத்து 14 ஆயிரத்து 336 பைட். தலைப்பகுதிக்குச் சில ஆயிரம் பைட் சேரும். பத்தாண்டு வரலாறு அவ்வளவில் அடங்கிவிடுகிறது. ஆயிரம் இணைப்புகளுக்கு வைத்தாலும் அரை கிகாபைட்டைத் தொடாது. முக்கியமாக, முதல் நாளே அந்தக் கணக்கை நீங்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம். டிஸ்க் எப்போது நிரம்பும் என்ற கேள்வி அத்தோடு தீர்ந்தது.

ஆனால் இந்தக் கணக்குப் போடுகிற நேரத்தில் நீங்கள் உண்மையில் செய்வது வேறொன்று. எதை மறக்கலாம் என்று தீர்மானிக்கிறீர்கள். பதினைந்தாம் நாள் ஐந்து நிமிட விவரம் போய்விடும். அதைத் திரும்பக் கேட்டால் கோப்பு தராது. எதிர்காலத்தில் யார் என்ன கேள்வியோடு வருவார்கள் என்று முன்கூட்டியே யோசித்துத்தான் இந்த எண்களை இட வேண்டும். கைப்புத்தகத்தில் இருக்கும் எடுத்துக்காட்டை அப்படியே ஒட்டிவிட்டுப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் ஒட்டினேன். அதற்குக் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

ஓர் அலுவலகத்தில் தினமும் மாலை 4 மணி வாக்கில் பத்து நிமிடம் இணைப்பு முழுவதும் அடைத்துக்கொள்ளும். எல்லோரும் கணக்கை அனுப்பும் நேரம் அது. ஊழியர்கள் என்னிடம் வந்து வருந்துவார்கள். நானும் படத்தில் பார்த்திருக்கிறேன். பெரிய இணைப்பு வாங்க வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டோம். ஆண்டுக் கணக்குக் கூட்டத்தில், 'ஓராண்டுப் படத்தைக் காட்டுங்கள்' என்றார்கள். காட்டினேன். இணைப்பில் பயன்பாடு 36 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. பத்து நிமிடம் 100 சதவீதம், மீதி 110 நிமிடம் 30 சதவீதம். இரண்டு மணி நேரச் சராசரி எடுத்தால் 35.8 வரும். கணக்கு சரிதான், ஆனால் மக்கள் பட்ட அவதி அதில் இல்லை. சராசரி வளையம் மட்டும் வைத்து, உச்ச வளையம் வைக்காமல் விட்டது என் பிழை. அந்த ஆண்டு இணைப்பு கிடைக்கவில்லை. அன்று மாலையே உச்ச வளையத்தைச் சேர்த்தேன். ஆனால் கடந்த ஓராண்டுக்கு அந்த வளையம் வெறுமையாகத்தான் இருந்தது. போன உச்சத்தைத் திரும்ப வரவழைக்க எந்தக் கட்டளையும் இல்லை.

அந்த வெறுமையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. அளவீடு வரவில்லை என்றால் ஆர்ஆர்டிடூல் சுழியம் என்று எழுதாது. 'தெரியாது' என்று எழுதும். சுழியத்துக்கும் தெரியாததற்கும் உள்ள தூரம் நிறைய. இணைப்பில் எதுவுமே போகவில்லை என்பது ஒரு செய்தி. போனதா இல்லையா என்று கேட்க ஆள் இல்லை என்பது வேறு செய்தி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் சராசரி பொய் சொல்லும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஹார்ட்பீட் என்று ஒரு கால எல்லை தர வேண்டும். ஐந்து நிமிட இடைவெளி என்றால் வழக்கமாக 600 வினாடி தருவோம். ஒருமுறை தவறினால் பொறுத்துக்கொள்ளும். 600 வினாடிக்கு மேல் மௌனம் நீடித்தால் அந்த நேரம் முழுவதையும் தெரியாது என்று குறித்துவிடும்.

அடுத்த கேள்வி, ஒரு நாளில் பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருந்தால் அந்த நாளின் சராசரியை நம்பலாமா என்பது. அதை ஆர்ஆர்டிடூல் உங்களிடமே விட்டுவிடுகிறது. எக்ஸ்-ஃபைல்ஸ் காரணி என்று ஓர் எண் கேட்கும். எல்லோரும் 0.5 போடுவோம், பாதிக்கு மேல் தெரியாவிட்டால் முழுவதும் தெரியாது என்று பொருள். ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்துக்கு நான் இதை அமைத்துக் கொடுத்தேன். காலை 8 மணிக்கு மின்சாரத்தைப் போடுவார்கள், மாலை 6 மணிக்கு நிறுத்துவார்கள். 24 மணியில் 10 மணிதான் அளவீடு. மீதி 14 மணி தெரியாது. அதாவது 58 சதவீதம். வாரப் படம் நன்றாக வந்தது. ஆண்டு முடிவில் ஆண்டுப் படத்தைத் திறந்தால் ஒரு கோடுகூட இல்லை. ஒவ்வொரு நாளும் முறையாக, விதிப்படி, தெரியாது என்று எழுதப்பட்டிருந்தது. காரணியை 0.9 என்று வைத்திருந்தால் போதும். ஆனால் அப்போது கிடைக்கும் சராசரி அந்தப் பத்து மணி நேரத்தின் சராசரி மட்டுமே என்பதைப் படத்துக்குக் கீழே எழுதிவைக்க வேண்டும்.

கவுன்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரவுட்டர் நமக்கு வேகத்தைத் தருவதில்லை. நம் வீட்டு மின்மீட்டரைப் போல மொத்தத்தைத்தான் தருகிறது. போன முறை காட்டிய எண்ணை இந்த முறை எண்ணிலிருந்து கழித்து, இடையில் ஓடிய வினாடியால் வகுத்தால் வேகம். இதை ஆர்ஆர்டிடூலே செய்துகொள்ளும். பழைய கவுன்டர்கள் 32 பிட். 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சத்துக்குப் போனதும் மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். எண் குறைந்தால் சுற்று முடிந்தது என்று எடுத்துக்கொண்டு ஆர்ஆர்டிடூல் சரியாகவே கூட்டிக்கொள்ளும். ஆனால் 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் 344 வினாடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். கிகாபிட் இணைப்பில் 34 வினாடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறவனுக்கு நடுவில் எட்டுச் சுற்று போனது எப்படித் தெரியும்? கிகாபிட் இணைப்புக்கு 64 பிட் கவுன்டரைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு தொல்லை, ரவுட்டர் அணைந்து எழும்போது வரும். 8 மெகாபிட் இணைப்பு ஒன்று. கவுன்டர் 100 கோடியில் இருக்கும்போது மின்சாரம் போய் வருகிறது. கவுன்டர் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. ஆர்ஆர்டிடூலோ சுற்று முடிந்தது என்று நினைத்து, மீதி 329 கோடி பைட்டும் ஐந்து நிமிடத்தில் போனதாகக் கணக்குப் போடுகிறது. வினாடிக்கு 1 கோடியே 9 லட்சத்து 83 ஆயிரம் பைட். அதாவது 88 மெகாபிட். 8 மெகாபிட் குழாயில் அது போக முடியாது. படத்தில் கோபுரம் போல ஒரு கோடு எழும். அதன் அருகில் மற்ற நாள்களின் போக்குவரத்து எல்லாம் தரையோடு ஒட்டிவிடும். உச்ச வளையம் வைத்திருந்தால் இந்தப் பொய் பத்தாண்டு உங்களோடு இருக்கும். இதற்கு மருந்து எளிது. கோப்பை உருவாக்கும்போதே இந்த அளவீட்டின் மேல் எல்லை வினாடிக்கு 10 லட்சம் பைட் என்று எழுதிவிடுங்கள். அதை மீறி வருவது தெரியாது என்று பதிவாகும். எல்லை தராமல் விட்டுவிட்டு, பிறகு கோப்பை எக்ஸ்எம்எல் வடிவில் இறக்கி, கோபுரங்களை ஒவ்வொன்றாகத் தேடி அழித்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன.

நம் நாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஆர்ஆர்டிடூல் நேரத்தைக் கிரீன்விச் கணக்கில் வெட்டுகிறது. ஒரு நாள் சுருக்கம் என்றால் அங்கே நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. நமக்கு அது காலை 5.30 முதல் மறுநாள் காலை 5.30 வரை. செவ்வாய்க்கிழமை அதிகாலை 1 மணிக்கு ஓடும் பேக்கப், திங்கட்கிழமையின் கணக்கில் விழும். ஒரு மணி நேரச் சுருக்கம் வைத்தாலும் அது 9.30, 10.30 என்று அரையில்தான் வெட்டும். அதனால்தான் நான் அரை மணி நேர வளையத்தை எப்போதும் வைக்கிறேன். நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கணக்கு வேண்டுமானால் அரை மணித் துண்டுகளிலிருந்து சரியாகக் கூட்டிக்கொள்ளலாம். நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில்தான் பிறக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் 5.30 மணி அவ்வளவு அந்நியமும் இல்லை. ஆனால் அறிக்கை கேட்கும் அதிகாரிக்கு அது உதவாது.

சில்லறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வருக்குள் மூன்று பேர் நுழைந்திருக்கும்போது படம் 2.98 பேர் என்று காட்டினால் பதற வேண்டாம், நீங்கள் 10.05-க்கு ஏழு வினாடி தாமதமாகக் கொடுத்ததை அது சரியான ஐந்து நிமிடக் கட்டத்துக்குப் பங்கிட்டிருக்கிறது. கோப்பை ஒரு வகைச் சர்வரிலிருந்து வேறு வகைச் சர்வருக்கு நேரடியாக நகலெடுக்காதீர்கள். 32 பிட் கணினியில் பிறந்த கோப்பை 64 பிட் கணினி திறக்காது. எக்ஸ்எம்எல்லாக இறக்கி, அங்கே போய் மறுபடி ஏற்றுங்கள், அதுவும் பழைய சர்வரை அழிப்பதற்கு முன்பு. கோப்புகள் ஆயிரக்கணக்கில் போனால் சின்னச் சின்னப் பதிவுகளே டிஸ்க்கை மூச்சுத் திணற வைக்கும்; ஆர்ஆர்டிகேஷ்டி என்ற துணை நிரல் அவற்றைச் சேர்த்துவைத்து ஒன்றாக எழுதும்.

இன்று டிஸ்க் மலிவு, இதெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிராமிதியஸ் போன்ற இன்றைய கருவிகள் எண்ணற்ற அளவீடுகளை, எண்ணற்ற பெயர்ச்சீட்டுகளோடு வைத்துக்கொள்கின்றன. நூற்றுக்கணக்கான கன்டெய்னர்கள் பிறந்து மறையும் இடத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு என்ற ஆர்ஆர்டியின் முறை தாங்காது. அங்கே நானும் பிராமிதியஸைத்தான் வைப்பேன். ஆனால் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பிராமிதியஸ் 15 நாளோடு பழையதை அழித்துவிடுகிறது. தானாகச் சுருக்கியும் வைப்பதில்லை. பத்தாண்டுக்கு முந்தைய வெயில் காலத்தில் சர்வர் அறை எப்படி இருந்தது என்று அதனிடம் கேட்க முடியாது. சின்ன இடங்களில் வளையக் கோப்பு இன்றும் உழைக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டரின் சில மெகாபைட் நினைவகத்தில், ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வரின் படங்களுக்குப் பின்னால், காக்டியிலும் முனினிலும், ஓட்டிக்கரே எழுதிய ஸ்மோக்பிங்கிலும் அது இருக்கிறது.

நான் கவனித்துக்கொண்ட ஒரு சர்வர் அறையின் வெப்பநிலைக்கு 2012 ஜூனில் ஒரு கோப்பு அமைத்தேன். நாளுக்கு ஓர் இடம் வீதம் 3660 இடங்கள்; சராசரி ஒன்று, உச்சம் ஒன்று. அந்த ஆகஸ்டில் ஓர் இரவு ஏசி நின்றுபோய், அறை 43 டிகிரிக்கு ஏறியது. இரண்டு சர்வர்கள் போயின. அடுத்த ஆண்டு இரண்டாவது ஏசி கேட்டபோது நான் காட்டியது அந்த ஒற்றை உச்சப் புள்ளியைத்தான். இந்த முறை கிடைத்தது. பிறகு எத்தனையோ சர்வர்கள் மாறின, ஆட்கள் மாறினார்கள், கோப்பு மட்டும் எக்ஸ்எம்எல்லாக இறங்கி ஏறி எங்களோடு வந்தது. 2022 ஜூன் நடுவில் கை முழுச் சுற்று சுற்றி முதல் இடத்துக்கு வந்தது. ஒவ்வொரு காலையும் 2012-இன் ஒரு நாள் போய், 2022-இன் ஒரு நாள் வந்து உட்கார்ந்தது. ஆகஸ்டில் அந்த 43 டிகிரி நாளின் முறை நெருங்கியபோது, கோப்பை ஒருமுறை இறக்கி, அந்த வரியை என் நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தேன். அந்த இடத்தில் 27 என்று இருந்தது.